மைனஸ் இருபதில் மின்சாரக் கார்: ஒன்டாரியோ குளிர்காலக் கணக்குகள்

மைனஸ் 15 டிகிரியில், ஸ்கார்பரோ வீட்டு வாசலில் இரவு முழுக்க நின்ற காரை எடுத்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்குப் போனால், காரை ஓட்ட ஆகும் மின்சாரத்தைவிட அதைச் சூடாக்க ஆகும் மின்சாரம்தான் அதிகம். நடுத்தரக் கார் ஒன்று நகரத்துக்குள் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 18 யூனிட் எடுக்கும். யூனிட் என்றால் நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே கிலோவாட் மணிதான். ஐந்து கிலோமீட்டருக்கு 0.9 யூனிட். உறைந்து கிடக்கும் கேபினைச் சூடாக்க ஹீட்டர் முதல் கால் மணி நேரத்துக்கு 5 கிலோவாட் இழுத்தால் அது மட்டுமே 1.25 யூனிட். கடையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் கார் மறுபடி ஆறிவிடும்; திரும்பும்போதும் அதே செலவு. இதே கார் 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடினால் தொடக்கச் செலவு 200 கிலோமீட்டருக்குப் பரவிக் கரைந்துவிடும்.

அதனால் ‘குளிரில் பாதி ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) போய்விடுகிறது’ என்று யாராவது சொன்னால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதிரிப் பயணத்தில் என்பதை. 2025 பிப்ரவரியில் கனடிய வாகன ஓட்டிகள் சங்கமான சிஏஏ, ஒட்டாவாவிலிருந்து மோன் த்ரொம்ப்லாங் வரை பதின்மூன்று மின்சாரக் கார்களை ஓட்டிப் பார்த்தது. வெப்பநிலை மைனஸ் 7 இலிருந்து மைனஸ் 15 வரை. அறிவிக்கப்பட்ட ரேஞ்சில் 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. ஒரே சாலை, ஒரே குளிர், ஆனாலும் காருக்குக் கார் இவ்வளவு வித்தியாசம். இதில் ஒரு பங்கு காரை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. மீதி, வெப்பத்தை எங்கிருந்து எடுக்கிறோம், சுவர் பிளக்கிலிருந்தா பேட்டரியிலிருந்தா என்பதில் இருக்கிறது. கீழே வரும் எல்லாம் அதையொட்டித்தான்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது

குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் புட்டி எப்படிக் கெட்டியாகிறதோ, அந்தத் திசையில்தான் பேட்டரி செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவமும் போகிறது. முழுக்க உறையாது, ஆனால் அதற்குள் லித்தியம் அயனிகள் மெதுவாகத்தான் நகரும். செல்லின் உள்தடை ஏறும். மின்சாரம் வெளியே வரும்போது ஒரு பங்கு உள்ளேயே வெப்பமாக வீணாகும். இதுவாவது பரவாயில்லை, தற்காலிகமானது. நீல நிறப் பனிப்பூச் சின்னத்தைத் திரையில் காட்டும் கார்களில் ‘இப்போதைக்கு எடுக்க முடியாத’ சார்ஜ் என்று ஒரு பகுதி தெரியும். பேட்டரி சூடானதும் அது திரும்ப வந்துவிடும்.

சார்ஜ் ஏற்றும்போதுதான் சிக்கல். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லுக்குள் வேகமாக மின்சாரத்தைத் தள்ளினால், அயனிகள் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். அந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், மோசமான நிலையில் உள்ளே ஷார்ட் ஆகவும் வழியுண்டு. அதைத் தடுக்கத்தான் பேட்டரி மேலாண்மை அமைப்பு சார்ஜ் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. 150 கிலோவாட் சார்ஜரில் 35 கிலோவாட் மட்டும் ஏறினால் பெரும்பாலும் சார்ஜர் பழுதில்லை, கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் ரீஜென் மின்சாரமும் ஒரு வகைச் சார்ஜிங்தான், ஆகவே அதுவும் குளிரில் குறைகிறது.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரிகள் நிக்கல் வகையைவிடக் குளிரில் மந்தம். இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றின் மின்னழுத்தம் பெரும்பாலான பகுதிக்கு ஏறக்குறைய மாறாமல் நிற்பதால் மீதி எவ்வளவு என்று கார் கணிப்பதில் பிழை சேரும். தயாரிப்பாளர் வாரம் ஒருமுறை 100 சதவீதம் வரை ஏற்றச் சொல்லியிருந்தால் குளிர்காலத்தில் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 12 சதவீதம் என்று காட்டிய கார் சில நிமிடங்களில் 4 என்று இறங்குவதைப் பார்க்க நேரும்.

வீட்டில் ஏற்றும் நேரம்

அரை டன்னுக்கு நெருங்கிய எடையுள்ள பேட்டரியை மைனஸ் 10 இலிருந்து பிளஸ் 20 டிகிரிக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 4 யூனிட் வேண்டும். 75 யூனிட் பேட்டரியில் அது ஐந்து சதவீதத்துக்கு மேல். கேபின் சூடு தனி. இவை இரண்டையும் பிளக்கில் இருக்கும்போதே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் குளிர்காலத்தில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம்.

பலர் செய்வது, இரவில் சார்ஜ் தாமதமாகத் தொடங்கிக் காலையில் முடியும்படி வைத்துவிட்டு, அதனாலேயே பேட்டரி சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வது. 7 கிலோவாட் சார்ஜிங்கில் தானாக உண்டாகும் சூடு மிகக் குறைவு. கார் ஆப்பில் ‘புறப்படும் நேரம்’ என்று இருக்கும் அமைப்பைப் போட்டால்தான் ஹீட்டர் சரியான நேரத்தில் வேலை செய்யும். சில கார்களில் அது கேபினை மட்டும் சூடாக்கும், பேட்டரியைத் தொடாது. சிலவற்றில் பிளக்கில் இருந்தால் மட்டுமே பேட்டரியையும் சேர்த்துச் சூடாக்கும். உங்கள் கார் எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்துவிட்டு, ஒரு குளிர்ந்த காலையில் ரீஜென் முழுதாகக் கிடைக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். கிடைத்தால் பேட்டரி சூடாகியிருக்கிறது.

ஒன்டாரியோவின் மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை மலிவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைவிடச் சுமார் பத்து மடங்கு. புறப்படும் நேரத்தை 7:00 என்று வைத்தால் முன்சூடு முழுக்க மலிவு நேரத்துக்குள் அடங்கும். உண்மையில் 7:40க்குக் கிளம்புபவர்களும் 7:00 என்றே வைக்கலாம். கேபின் ஆறிவிடும், ஆனால் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அந்த எடைக்குச் சூடேறவும் நேரம் பிடிக்கும், இறங்கவும் பல மணி நேரம் பிடிக்கும். கேபினுக்கு மட்டும் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஆப்பில் தட்டிக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடுபவருக்குக் குளிர்காலத்தில் 14, 15 யூனிட் தேவைப்படும். 40 ஆம்ப் பிரேக்கரில் 32 ஆம்ப் வரைதான் தொடர்ந்து இழுக்கலாம், அதாவது 80 சதவீதம். 240 வோல்ட்டில் அது 7.7 கிலோவாட். இழப்பையும் சேர்த்து இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். காண்டோ எனும் அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் 208 வோல்ட் என்பதால் அதே 32 ஆம்ப் 6.7 கிலோவாட்தான் தரும். எதுவானாலும் போதும். பெரிய சார்ஜருக்காக வீட்டு மின்பலகையை மாற்றப் பல ஆயிரம் டாலர் செலவிடத் தேவையுள்ளவர்கள் மிகச் சிலரே.

பேஸ்மென்ட் வாடகையில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது பல நேரம் சாதாரண 120 வோல்ட் பிளக்தான். 12 ஆம்ப், 1.44 கிலோவாட். கோடையில் இதில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஏறும். மைனஸ் 10 இல் அது பாதியாகும். மைனஸ் 20 இல் வருவது முழுவதையும் பேட்டரி ஹீட்டரே விழுங்கிவிட, எட்டு மணி நேரம் கழித்தும் சதவீதம் நகராமல் இருக்கலாம். இந்த நிலையில் இருப்பவர்கள் மேலே சொன்ன நேரக் கணக்கை மறந்துவிட்டு, வேலையிலிருந்து வந்து நிறுத்திய உடனே, பேட்டரியில் ஓட்டத்தின் சூடு மிச்சமிருக்கும்போதே பிளக்கைச் செருகிவிட வேண்டும். கேபின் முன்சூடு போடும்போதும் ஹீட்டர் 5 கிலோவாட் கேட்கும், சுவர் 1.4தான் கொடுக்கும், மீதி பேட்டரியிலிருந்து போகும். அப்படியும் போடலாம், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. பிளக் முனை சூடேறி உருகிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

சூடேற்றாத கராஜாக இருந்தாலும் வீட்டோடு ஒட்டியிருந்தால் வெளியைவிடப் பல டிகிரி கதகதப்பாக இருக்கும். கராஜில் பழைய சோபாவும் பனிக்கால டயர்களும் இருந்தால், வெளியே போக வேண்டியது அவைதான். கார் உள்ளே வரட்டும்.

குளிர்காலத்தில் வீட்டுச் சார்ஜ் வரம்பை 80க்குப் பதில் 90 என்று ஏற்றிக்கொள்வது நியாயம். கீழ் வரம்புதான் முக்கியம். இரவில் 30 சதவீதத்துக்குக் கீழே வெளியில் விடாதீர்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பல கார்கள் முன்சூட்டை மறுத்துவிடும், காலையில் அதிலும் ஒரு பகுதி பனிப்பூச் சின்னத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

கேபின் சூடு

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் உள்ள கார் உறைநிலைக்கு அருகே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, இரண்டரை யூனிட் வெப்பம் தரும். மைனஸ் 15 ஐத் தாண்டும்போது அந்த லாபம் சுருங்கும். மைனஸ் 20, 25 இல் ஏறக்குறைய சாதாரண மின் ஹீட்டர் மாதிரிதான். ஆகவே டொராண்டோ குளிருக்கு ஹீட் பம்ப் நல்ல முதலீடு, வினிபெக் ஜனவரிக்கு அவ்வளவு இல்லை. ஹீட் பம்ப் ஓடும்போது வெளிப்புறச் சுருளில் பனி படிந்து, கார் அதை உருக்கும் நேரத்தில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும். புகை என்று பயந்து காரை விட்டு இறங்கி ஓட வேண்டாம்.

சீட் ஹீட்டர் ஒன்றுக்கு 50 முதல் 75 வாட். கேபின் ஹீட்டர் நிலையாக ஓடும்போதே 2, 3 கிலோவாட். உடம்போடு ஒட்டிக்கொண்டு சூடு தருவதால் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் போட்டுவிட்டு கேபினை 19 டிகிரியில் ஆட்டோவில் விட்டால் யாரும் நடுங்க மாட்டார்கள். ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டு ஜாக்கெட்டோடு போகும் வீரம் தேவையில்லை. கண்ணாடி உள்ளே மூடுபனி பிடித்து, அதைப் போக்க டிஃப்ராஸ்டை முழு வேகத்தில் போட வேண்டி வரும், சேமித்தது அதிலேயே போய்விடும். அந்த ஈரத்துக்கு மூலகாரணம் பெரும்பாலும் பூட்ஸில் ஒட்டி உள்ளே வரும் பனி. ஏறும் முன் இரண்டு காலையும் தட்டிவிட்டு ஏறுவதும், ரப்பர் பாயில் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுவதும் ஆப்பில் இல்லாத ரேஞ்ச் வசதிகள். காற்றை உள்ளேயே சுழலவிடும் பொத்தானை நாலு பேர் இருக்கும்போது அழுத்தி வைக்காதீர்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முன்சூடு வசதிக்காக மட்டுமல்ல. தடித்த ஸ்னோசூட்டோடு கார் சீட்டில் குழந்தையைக் கட்டினால் வார் தளர்வாகிவிடும் என்று ட்ரான்ஸ்போர்ட் கனடா எச்சரிக்கிறது. கேபின் ஏற்கெனவே சூடாக இருந்தால் ஸ்னோசூட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய உடையோடு கட்டலாம்.

காற்றும் டயரும்

குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. பிளஸ் 20 ஐவிட மைனஸ் 20 இல் 16 சதவீதம் கூடுதல். காற்றுத்தடையும் அதே அளவு கூடும். ஹீட்டர், பேட்டரி எல்லாம் சரியாக இருந்தாலும் இதற்குத் தப்ப வழியில்லை, வேகத்தைக் குறைப்பதைத் தவிர. 105 இல் போவதற்கும் 120 இல் போவதற்கும் காற்றுத்தடைச் செலவில் 30 சதவீத வித்தியாசம். ஆனால் மெதுவாகப் போகப் போக லாபம் என்பது குளிரில் உண்மையில்லை. ஹீட்டர் மணிக்கு 3 யூனிட் எடுத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட். டொராண்டோவின் டான் வேலி பார்க்வேயில் நெரிசலில் மணிக்கு 20 இல் ஊர்ந்தால் 15 யூனிட். நெடுஞ்சாலையில் 95 முதல் 105 வரை நல்ல இடம்.

401 இல் பயணம் செய்பவர்கள் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது. கிழக்கே மான்ட்ரியல் போகும்போது கிடைத்த கணக்கைத் திரும்பி வரும்போது நம்பக் கூடாது. எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் என்றால், 100 இல் ஓடும் கார் 130க்கான காற்றுத்தடையைச் சந்திக்கிறது. அந்தப் பகுதிச் செலவு 1.69 மடங்கு.

டயர் காற்று ஏறக்குறைய 5.5 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ இறங்கும். கதகதப்பான கடையில் பிளஸ் 15 இல் 36 நிரப்பிவிட்டு மைனஸ் 15 இல் நிறுத்தினால் காலையில் 31க்குக் கீழேதான் இருக்கும். மாதம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன், வெளியில் வைத்து அளந்து கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பனிக்கால டயர் ரேஞ்சைச் சற்றுக் குறைக்கும்தான். அதற்காக அதைத் தவிர்க்க நினைப்பவர்களிடம் பேசிப் பயனில்லை. க்யூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம்; ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். 20 அங்குலச் சக்கரத்தோடு வந்த கார் என்றால் குளிர்காலச் செட்டை 18 அங்குலத்தில் வாங்குவது நல்லது. விலையும் குறைவு, இழப்பிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், குழியில் விழுந்தால் ரிம் வளைவதும் குறையும்.

நீண்ட பயணமும் வேகச் சார்ஜும்

திரையில் காட்டும் கிலோமீட்டர் எண்ணைக் குளிர்காலத்தில் பார்க்கவே வேண்டாம். சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கை நீங்களே போடுங்கள். 75 யூனிட் பேட்டரியுள்ள கார் மைனஸ் 15 இல், 110 வேகத்தில், 100 கிலோமீட்டருக்குச் சுமார் 27 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதத்தில் கிளம்பி 15 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தால் கையில் இருப்பது 56 யூனிட், அதாவது 208 கிலோமீட்டர். காகிதத்தில் 500 கிலோமீட்டர் கார் இது.

401 இன் வெளியேறும் வழி எண்கள் வின்ட்சர் பக்கத்திலிருந்து எண்ணும் கிலோமீட்டர்கள் என்பது இங்கே கை கொடுக்கும். ஸ்கார்பரோவின் மார்க்கம் சாலை 383. ட்ரென்டன் 525ஐ ஒட்டி. கழித்தால் தூரம், சுமார் 140. ஓடெசா ஆன்ரூட் ஓய்விடம் 210 கிலோமீட்டருக்கு மேல், அதாவது கணக்கின் விளிம்பில். எனவே ஒட்டாவா போகும்போது ட்ரென்டனில் ஒருமுறை, மேலரிடவுனில் ஒருமுறை என்று இரண்டு சிறு நிறுத்தங்கள் போடுவது, ஓடெசா வரை இழுத்துப் பார்ப்பதைவிடப் பாதுகாப்பு, பெரும்பாலும் வேகமும்கூட. முதல் வேகச் சார்ஜிலேயே பேட்டரி நன்றாகச் சூடாகிவிடுவதால் அடுத்த நிறுத்தத்தில் நன்றாக ஏறும். ஆன்ரூட்களில் ஐவி நிறுவனத்தின் சார்ஜர்கள் இருக்கின்றன. கிளம்பும் முன் எது வேலை செய்கிறது என்று ஆப்பில் பார்த்து, பெல்வில், கிங்ஸ்டன் போல இன்னொரு இடத்தையும் மனதில் வைத்திருங்கள். கோடையில் 5 சதவீதத்தில் போய்ச் சேர்பவர்கள் குளிரில் 15, 20 என்று வைத்துக்கொள்ள வேண்டும். பனி கொட்டிச் சாலை குழகுழவென்று இருந்தால் செலவு இன்னும் ஏறும். முதல் 30 கிலோமீட்டர் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்.

இனி முக்கியமானது. வேகச் சார்ஜருக்குப் போகும்போது காரின் சொந்த வழிகாட்டியில் அந்தச் சார்ஜரையே இலக்காகப் போட வேண்டும். போனிலுள்ள கூகுள் மேப்பைத் திரையில் போட்டால் பெரும்பாலான கார்களுக்கு நீங்கள் சார்ஜருக்குப் போகிறீர்கள் என்பதே தெரியாது, பேட்டரியைச் சூடாக்காது. கையால் அழுத்தும் பேட்டரி முன்சூட்டு (பிரீகண்டிஷனிங்) பொத்தான் இருந்தால் 30 முதல் 45 நிமிடம் முன்பே அழுத்துங்கள். நெடுஞ்சாலையில் ஓடினாலே பேட்டரி சூடாகிவிடும் என்பது மைனஸ் 15 இல் அரை உண்மைதான். மோட்டார் எடுக்கும் சராசரி மின்சாரம் பேட்டரியின் அளவுக்குச் சிறியது, உண்டாகும் சூடும் சிறியது. சில கார்களில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரி முன்சூடு நின்றுவிடும். அந்த மாதிரிக் காரில் வெகுநேரம் இழுத்துவிட்டுக் கடைசியில் பொத்தானைத் தேடினால் அது மங்கிக் கிடக்கும்.

முன்சூட்டுக்கு 3, 4 யூனிட் ஆகும். அதற்குப் பயந்து விட்டுவிடுபவர்கள் ரசீதைப் பார்க்க வேண்டும். கனடாவில் 2023 வரை பொதுச் சார்ஜர்கள் யூனிட் கணக்கில் விற்க வழியில்லை, நேரக் கணக்குதான். அளவைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான மெஷர்மென்ட் கனடா அனுமதித்த பிறகும் நிமிடக் கட்டணம் பல இடங்களில் தொடர்கிறது. 40 யூனிட் ஏற்ற, சூடான பேட்டரி சராசரி 100 கிலோவாட்டில் 24 நிமிடம் எடுக்கும். குளிர்ந்தது 40 கிலோவாட்டில் ஒரு மணி நேரம். நிமிடக் கட்டணத்தில் அதே மின்சாரத்துக்கு இரண்டரை மடங்கு காசு.

எல்லா இடத்திலும் முன்சூடு வேண்டுமென்பதும் இல்லை. 50 கிலோவாட் பழைய சார்ஜர் என்றாலோ, 55 கிலோவாட்டுக்கு மேல் வாங்காத பழைய செவ்ரோலே போல்ட் மாதிரிக் கார் என்றாலோ, 40 டிகிரிக்குச் சூடாக்குவது வீண். அங்கே பேட்டரி உறைநிலைக்குச் சற்று மேலே வந்தாலே ஓரளவு ஓடும். காற்றால் மட்டும் குளிரும் பழைய நிசான் லீஃபில் ஹீட்டர் மைனஸ் 17 வாக்கில்தான் விழிக்கும், அதுவும் பேட்டரி சேதமாகாமல் காக்க மட்டுமே. அத்தகைய காரோடு ஜனவரியில் மான்ட்ரியல் போவதைவிட விஐஏ ரயில் நல்லது.

முன்சூடு இல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரியில் சிகாகோ காட்டியது. கடுங்குளிரில் வேலை செய்யாத சார்ஜர்கள் சில. குளிர்ந்த பேட்டரியோடு வந்து மெதுவாக ஏற்றும் கார்கள் பல. வரிசையில் நிற்கும்போது ஹீட்டருக்கே மீதிச் சார்ஜைச் செலவழித்த கார்கள். வரிசை வரிசையை வளர்த்தது. அங்கே தவித்தவர்களில் பலர் வீட்டில் பிளக் இல்லாத வாடகைக் கார் ஓட்டுநர்கள். 2025 இல் விற்ற புதிய கார்களில் 95 சதவீதத்துக்கு மேல் மின்சாரக் கார்களாக இருந்த நார்வேயில் குளிர் ஒன்றும் குறைவில்லை; அங்கே பெரும்பாலானோர் வீட்டிலேயே ஏற்றிவிட்டுக் கிளம்புகிறார்கள். வரிசையில் நிற்க நேர்ந்தால் வழிகாட்டியில் இலக்கை அழிக்காமல் வைத்திருங்கள், பேட்டரி சூடு தொடரும்.

விடுதியில் தங்குகிறீர்கள், அங்கே சார்ஜர் இல்லை என்றால் ஊருக்குள் நுழைந்த அன்று இரவே, பேட்டரி சூடாக இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 20 நிமிட வேலை 50 நிமிடமாகும். ஓய்விடத்திலும் இதே முறைதான்: முதலில் பிளக், பிறகு டிம் ஹார்ட்டன்ஸ் காபி.

சார்ஜர் இணைப்பில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் குளிரில் விறைத்த கேபிளின் எடை முனையைக் கீழே இழுத்திருக்கும். கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்து, க்ளிக் சத்தம் கேட்டு, காருக்கும் சார்ஜருக்கும் தொடர்பு கிடைக்கும்வரை விடாதீர்கள். அடாப்டர் பயன்படுத்துபவர்கள் உள்ளே பனி இருக்கிறதா என்று ஊதிப் பார்த்துவிட்டுச் செருக வேண்டும். பூட்டு உறைந்து முனை வெளியே வராவிட்டால் கார் ஹீட்டரைப் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். வெந்நீர் ஊற்றினால் அடுத்த நாள் இன்னும் கெட்டியாக உறையும். டிக்கிக்குள் இருக்கும் அவசர விடுவிப்புக் கயிற்றைச் சார்ஜ் முழுக்க நின்ற பிறகு மட்டும் இழுக்கலாம்.

மற்றவை

ஒரே பெடலில் ஓட்டிப் பழகியவர்கள் குளிர்ந்த காலையில் கவனிக்க வேண்டும். ரீஜென் இல்லாததால் பெடலிலிருந்து பாதத்தை எடுத்தால் கார் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி சூடானதும் இதற்கு நேர்மாறு: பின்சக்கர இழுவைக் காரில் கண்ணாடிபோல் வழுக்கும் பனியின் மேல் பலமான ரீஜென் பின்பக்கத்தை வழுக்கவிடும். பனிச் சாலையில் ரீஜெனைக் குறைந்த நிலைக்கு மாற்றிவிடுங்கள். உராய்வு பிரேக்கை அதிகம் பயன்படுத்தாத காரில் சாலை உப்பு சேர்ந்து காலிப்பர் இறுகிப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்து மசகு போடுவது மின்சாரக் காருக்கும் உண்டு.

பெரிய பேட்டரி நன்றாக இருந்து சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துக் கார் திறக்காமல் போவது குளிர்காலத்தில் அடிக்கடி நடக்கும். ஈய அமில வகை என்றால் நான்கு வருடத்தில் நீங்களாகவே மாற்றிவிடுங்கள். ஜம்ப் ஸ்டார்டரை வீட்டில் வையுங்கள். மின்சாரத்தால் திறக்கும் டிக்கிக்குள் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது.

பனிப்புயலில் நெடுஞ்சாலை அடைபட்டு நின்றுவிட்டால்? 60 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தால் 30 யூனிட். கேபினைச் சூடாக வைத்திருக்க 2 கிலோவாட் என்றால் 15 மணி நேரம். கேபினைச் சற்று இறக்கிவிட்டு சீட்டும் போர்வையுமாக இருந்தால் அதையும் தாண்டும். புகைக்குழாய் பனியில் மூடி விஷவாயு உள்ளே வரும் பயமும் இதில் இல்லை. இதற்காகத்தான் புயல் எச்சரிக்கை நாளில் 50க்குக் கீழே இறங்கவிடாமல் முன்கூட்டியே நிறுத்தி ஏற்றச் சொல்வது.

டிசம்பரில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு மாதம் போகிறவர்கள் காரை வீட்டில் பிளக்கில் விட்டு வரம்பை 60, 70 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பியர்சன் விமான நிலையத்தில் பிளக் இல்லாமல் விடுவதானால் 70 சதவீதத்தோடு நிறுத்துங்கள். காரின் கண்காணிப்புக் கேமராவை அணையுங்கள். அது தொடர்ந்து 250 வாட் இழுத்தால் நாளைக்கு 6 யூனிட், பத்து நாளில் 60. கேபின் அதிகச் சூடு தடுப்பு, தானியங்கி முன்சூட்டு அட்டவணை இரண்டையும் நிறுத்துங்கள். ஊரில் உட்கார்ந்துகொண்டு தினமும் ஆப்பைத் திறந்து கார் எப்படியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது விழித்து, மறுபடி தூங்கும்வரை சார்ஜ் போகும். திரும்பி இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது ஆப்பில் முன்சூட்டைத் தட்டினால், வாகன நிறுத்தம் போய்ச் சேருவதற்குள் கண்ணாடிப் பனி கரைந்திருக்கும்.